ஒற்றைத் துண்டு மேப்பிள் நெக்: தேர்ந்தெடுக்கும் முன் எடைபோட வேண்டியவை

மின் கிட்டாருக்கு நெக் (தந்திகள் நீண்டு செல்லும் கழுத்துப் பகுதி) தேடுபவர் மேப்பிள் மரம்தான் என்று முடிவு செய்துவிட்ட பிறகும் அவருக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். நெக்கையும், விரல்கள் தந்தியை அழுத்தும் அதன் முன்முகமான ஃபிரெட்போர்டையும் ஒரே மரத்துண்டில் செதுக்கி, அதிலேயே ஃபிரெட்டுகளை (சுர இடங்களைக் குறிக்கும் குறுக்கு உலோகக் கட்டைகளை) இறக்கிய ஒற்றைத் துண்டு நெக்கை வாங்குவதா, அல்லது மேப்பிள் நெக்கின் மீது ஃபிரெட்போர்டைத் தனிப் பலகையாக ஒட்டிய நெக்கை வாங்குவதா என்பதே அது. இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒலியில் தொடங்கி ஒலியிலேயே முடிந்துவிடுகிறது. என் கணிப்பில் ஒலியில் இவற்றிடையே உள்ள வேறுபாடு சிறியது; பல ஆண்டுகள் வாசித்துத் தேய்ந்த பிறகு, பழுது பார்ப்பவரின் மேசையில் வெளிப்படும் வேறுபாடே பெரியது. எனவே பராமரிப்பையே இங்கே முதன்மை அளவுகோலாக வைத்து, மற்றவற்றை அதைச் சுற்றி ஒப்பிடுகிறேன்.

ஒற்றைத் துண்டு அமைப்பு ஒலிக்காகப் பிறந்தது அன்று. 1950இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரின் எஸ்கொயர், பிராட்காஸ்டர் என்ற மின் கிட்டார்கள் வந்தபோது, அவருடைய கவனம் முழுவதும் விரைவாகவும் ஒரே சீராகவும் தயாரிக்கக்கூடிய கருவி ஒன்றின் மீதே இருந்தது. ஏறத்தாழ 25 மி.மீ. தடிமனுள்ள நேரான மேப்பிள் பலகை ஒன்றிலிருந்து நெக் முழுவதையும் வெட்டி எடுத்துவிடலாம். தலைப்பகுதி பின்னோக்கிச் சாயாமல் நெக்குக்கு இணையாகவே செல்வதால் தடித்த மரக்கட்டையும் தேவையில்லை, ஒட்டு வேலையும் தேவையில்லை. உடலோடு அது நான்கு திருகுகளால் இணைக்கப்பட்டது. கெட்டுப்போனால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். தொடக்ககால எஸ்கொயர் சிலவற்றில் ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைத் திருகிச் சரிசெய்ய உள்ளே வைக்கும் உலோகக் கம்பி) கூட இல்லை. மேப்பிளின் வலிமை மட்டும் போதாது என்பது விரைவில் தெரிந்து, அதே ஆண்டிலேயே கம்பி சேர்க்கப்பட்டது. முன்பக்கம் மூடுவதற்குத் தனிப் பலகை இல்லாததால் கம்பிக்கான பள்ளத்தைப் பின்பக்கத்திலிருந்து குடைந்து, வால்நட் மரப்பட்டையால் அடைத்தார்கள். நெக்கின் முதுகில் ஓடும் அந்தக் கருநிறக் கோடு அழகுக்காக வந்தது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு.

ஒற்றைத் துண்டு நெக், மாற்றப்பட வேண்டிய உதிரிபாகமாகக் கருதி வடிவமைக்கப்பட்டது. இன்று அதை வாங்குபவர்களோ வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கும் எண்ணத்தோடு வாங்குகிறார்கள். இந்த வடிவத்தின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த இரண்டு நோக்கங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியிலிருந்தே வருகின்றன.

அதைச் செய்த ஃபெண்டர் நிறுவனமே பத்தாண்டுகளுக்குள் அதிலிருந்து விலகியது. 1958இல் வந்த ஜாஸ்மாஸ்டர் கிட்டாரில் ரோஸ்வுட் (ஈட்டி வகைக் கருமரம்) ஃபிரெட்போர்டு அறிமுகமாகி, 1959இல் அதன் மற்ற மாதிரிகளான ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் டெலிகாஸ்டருக்கும் பரவியது. மேடை விளக்கிலும் தொலைக்காட்சியிலும் மேப்பிள் ஃபிரெட்போர்டுகள் அழுக்கேறித் தேய்ந்து தெரிந்தது லியோவுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லப்படுவதுண்டு. 1960களின் பிற்பகுதியில் மேப்பிள் மீண்டும் வந்தபோது, முதலில் அது நெக்கின் மீது ஒட்டிய மேப்பிள் பலகையாகவே வந்தது. பழைய ஒற்றைத் துண்டு முறை 1970ஐ ஒட்டித்தான் திரும்பியது. ஆகவே பழைய கிட்டார்களிலும் ‘மேப்பிள் நெக்’ என்ற பெயரை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

வாங்கும் முன் இரண்டையும் பிரித்தறியத் தெரிந்திருப்பது அவசியம். முதுகில் வால்நட் கோடு இருப்பதை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம். ஃபிரெட்போர்டு தனியாக ஒட்டப்பட்ட நெக்குகளிலும் கம்பியைப் பின்னாலிருந்து இறக்குவது இன்று வழக்கமாகிவிட்டது. நெக்கைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஃபிரெட் இடங்களைக் காட்டும் ஓரப் புள்ளிகளுக்குச் சற்றுக் கீழே நீளவாக்கில் மெல்லிய கோடு ஏதேனும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மேப்பிள் மீது மேப்பிளை நன்றாக ஒட்டியிருந்தால் அந்தக் கோடு கண்ணுக்குத் தப்பிவிடும். அப்போது நெக்கைக் கழற்றி, உடலுக்குள் அமரும் அடிமுனையின் வெட்டுமுகத்தைப் பார்க்கலாம். அங்கே ஆண்டு வளையங்கள் மேலிருந்து கீழ் வரை தடையின்றித் தொடர்ந்தால் அது ஒற்றைத் துண்டு. மேலே 5, 6 மி.மீ. ஆழத்தில் வளையங்களின் போக்கு திடீரென்று மாறினால் அது ஒட்டுப் பலகை. தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு வால்நட் அடைப்பு இருப்பதும் பழைய முறையின் அடையாளங்களுள் ஒன்று. கம்பியை உள்ளே செலுத்திய துளை அங்கேதான் மூடப்படுகிறது.

இனி நிறைகளுக்கு வருவோம். முதலாவது, பிரிந்து வரக்கூடிய பசை இணைப்பு எதுவும் இல்லை. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கிட்டாரை விட்டுவைத்தால் ஃபிரெட்போர்டின் ஓரம் பசைவிட்டு எழும்புவது ஒட்டு நெக்குகளில் நடக்கக்கூடியது. ஒற்றைத் துண்டில் அதற்கு வழியே இல்லை. இரண்டாவது, தலைப்பகுதியின் வலிமை. ஒரே துண்டு மஹோகனியில் தலையைப் பின்னோக்கிச் சாய்த்து வெட்டும்போது, மர இழைகள் அந்த இடத்தில் குறுக்காக வெட்டுப்பட்டுப் போகின்றன. கீழே விழுந்தால் முறிவது பெரும்பாலும் அங்கேதான். நேரான தலையுள்ள மேப்பிளில் இழைகள் நெக்கிலிருந்து தலைமுனை வரை தொடர்ந்து ஓடுவதால் அத்தகைய முறிவு அரிது. ஆனால் இது நேரான தலையின் பயன். ஒட்டுப் பலகை உள்ள நெக்குக்கும் இதே வலிமை உண்டு என்பதால் இதை ஒற்றைத் துண்டின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. மூன்றாவது, மேப்பிள், மரத்துக்குள் இறங்கும் ஃபிரெட்டின் அடிப்பல்லை இறுகக் கவ்விப் பிடிக்கிறது. இயற்கை எண்ணெய் மிகுந்த மரமாக இல்லாததால், தேவைப்படும் இடத்தில் பசையும் நன்றாகப் பிடிக்கும்.

நிலைத்தன்மையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் இரு தரப்பும் மிகைப்படுத்துகின்றன. கடின மேப்பிள் பச்சை மரத்திலிருந்து முழுவதும் உலரும்வரை, வளையங்களுக்குக் குறுக்கான ஆரத் திசையில் ஏறத்தாழ 4.8 விழுக்காடும், வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 9.9 விழுக்காடும் சுருங்குகிறது. இந்திய ரோஸ்வுட்டான ஈட்டி மரத்துக்கு இந்த எண்கள் முறையே 2.7, 5.8 என்ற அளவில் உள்ளன. உலர்ந்த நெக் இவ்வளவு அசைவதில்லை என்றாலும் விகிதம் அப்படியேதான் இருக்கும். இதன் பொருள், காற்றின் ஈரப்பதத்துக்கு மேப்பிள் அதிகம் அசைந்து கொடுக்கும் மரம் என்பதுதான். வளையங்கள் ஃபிரெட்போர்டுக்கு இணையாகப் படுத்திருக்கும்படி வெட்டிய பலகையில், அதிகம் சுருங்கும் திசை நெக்கின் அகலத்தில் விழுகிறது. உலர்ந்த பருவத்தில் மரம் ஒடுங்க, உலோகம் ஒடுங்காமல் நிற்க, ஃபிரெட்டின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு விரலைக் கீறும். வளையங்கள் செங்குத்தாக நிற்கும்படி வெட்டிய பலகையில் அந்த அசைவு ஏறத்தாழப் பாதியாகிறது. ஆகவே ‘ஒற்றைத் துண்டா, இரட்டைத் துண்டா’ என்று கேட்பதற்கு முன் ‘எப்படி வெட்டியது, எவ்வளவு நன்றாக உலர்த்தியது’ என்று கேட்பதே முறை.

ஒரே மரத்தால் ஆன நெக்கில் இரு வேறு மரங்கள் தத்தம் வேகத்தில் சுருங்கி ஒன்றையொன்று இழுக்கும் சிக்கல் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஒரே மரத்தில் இழை கோணலாக ஓடியிருந்தால், அதைத் தடுத்து நிறுத்த இன்னொரு பலகையும் இல்லை. முறுக்கம் அப்படித்தான் வருகிறது. ட்ரஸ் ராட் வளைவைத்தான் சரிசெய்யும், முறுக்கத்தைச் சரிசெய்யாது. மேப்பிள், வால்நட் பட்டைகளை மூன்றாகவோ ஐந்தாகவோ நீளவாக்கில் ஒட்டிச் செய்த நெக்குகளில் ஒவ்வொரு பட்டையின் போக்கையும் அடுத்தது எதிர்த்து நிற்பதால், இந்த ஒரு விஷயத்தில் அவை உறுதியாக மேலானவை. 648 மி.மீ. அளவுகோல் நீளமும் (தந்தியின் அதிரும் பகுதியின் நீளம்) சாதாரணத் தடிமனும் உள்ள கிட்டாருக்கு ஒற்றைத் துண்டு தாராளமாகப் போதும். 864 மி.மீ. நீளமுள்ள பேஸ் கிட்டாருக்கும், மிக மெல்லிய நெக்குக்கும், ஏழு அல்லது எட்டுத் தந்திகள் கொண்டவற்றுக்கும் பட்டை ஒட்டிய நெக்கையே நான் தேர்வேன். பறவைக்கண் புள்ளிகளும் அலை வரிகளும் நிறைந்த அலங்கார மேப்பிளை ஒற்றைத் துண்டில் வாங்குபவர் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். கண்ணைக் கவரும் அந்த வரிகள் இழை நேராக ஓடவில்லை என்பதற்கான அடையாளங்களும்கூட.

ஒலியைப் பற்றி நீண்ட விவாதத்துக்குத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மேப்பிள் பளிச்சென்றும் ரோஸ்வுட் கனிவாகவும் ஒலிக்கும் என்று காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. மின் கிட்டாரின் ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பவை தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பும் அது இருக்கும் இடமும், தந்தியும், அளவுகோல் நீளமும், ஆம்ப்ளிஃபயரும், வாசிப்பவரின் கையும்தான். நெக்கின் பங்கு வேறு விதமானது. ஹெல்முட் ஃப்ளைஷரும் டில்மான் ஸ்விக்கரும் 1990களின் இறுதியில் வெளியிட்ட ஆய்வுகள், சில ஃபிரெட்டுகளில் சுரம் சீக்கிரம் அணைந்துபோகும் ‘டெட் ஸ்பாட்’ என்னும் குறை, நெக் அந்த அதிர்வெண்ணில் தானும் அதிர்ந்து தந்தியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதால் வருகிறது என்று காட்டின. அதாவது நெக்கின் விறைப்பும் எடையும் அதிர்வும் முக்கியம்தான். ஆனால் ஒரே மாதிரியில் வந்த இரண்டு ஒற்றைத் துண்டு நெக்குகளுக்கிடையே உள்ள வேறுபாடு, ஒற்றைத் துண்டுக்கும் மேப்பிள் ஒட்டிய நெக்குக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. பசைக் கோடு அதிர்வைத் தடுக்கிறது என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை, 0.1 மி.மீ. தடிமன்கூட இல்லாத, இறுகிக் கெட்டியான பசைப் படலம் அவ்வளவு பெரிய காரியம் எதையும் செய்துவிடாது.

கைக்குத் தெரியும் வேறுபாடு மேற்பூச்சில்தான் உள்ளது. மேப்பிள் உறுதியான மரம் என்ற எண்ணத்தில் ஒரு சிறு திரிபு இருக்கிறது: ஜங்கா கடினத்தன்மை அளவில் கடின மேப்பிள் சுமார் 1,450 பவுண்டு; ஈட்டி சுமார் 2,440; ஆப்பிரிக்கக் கருங்காலி 3,000ஐத் தாண்டும். வெளிர்நிற மேப்பிள் வியர்வையையும் அழுக்கையும் உறிஞ்சிச் சாம்பல் நிறமாகிவிடும் என்பதால் அதன் ஃபிரெட்போர்டு மீது லாக்கர் என்னும் பாதுகாப்புப் பூச்சைப் பூசுவது பெரும்பாலும் கட்டாயமாகிறது. அந்தப் பூச்சு உள்ளவரை துடைத்தால் போதும், எண்ணெய் இட வேண்டியதில்லை, துணி வழுக்கிக்கொண்டு போகும். இது பெரிய வசதி. ஆனால் பளபளப்பான பூச்சு வியர்க்கும் கையில் ஒட்டும். தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தும் பெண்டிங் அதிகம் செய்பவர்கள் இரண்டாம் மூன்றாம் தந்திகளின் கீழே பூச்சைச் சில ஆண்டுகளில் தின்றுவிடுவார்கள். புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ கிட்டாரின் ஃபிரெட்போர்டில் ஃபிரெட்டுகளுக்கு இடையே கருத்துக் கிடக்கும் திட்டுகளை நினைத்துப் பாருங்கள். அதை அழகு என்று காண்பவர்கள் இருக்கிறார்கள், அழுக்கு என்று காண்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்வது நல்லது. உயரமான ஃபிரெட்டுகள் உள்ள நெக்கில் விரல்நுனி மரத்தை அவ்வளவாகத் தொடுவதே இல்லை என்பதால் இந்தக் கவலையும் குறைகிறது. பூச்சுக்குப் பதிலாக எண்ணெயும் மெழுகும் மட்டும் தேய்த்த நெக்குகள் தொடுவதற்கு மிக இதமானவை; ஆனால் அவை விரைவில் அழுக்கேறும், ஈரப்பதத்தையும் தடையின்றி உள்ளே விடும்.

பழுது பார்க்கும் கட்டத்தில்தான் இந்தத் தேர்வின் உண்மையான விலை தெரியவரும். ரோஸ்வுட் ஃபிரெட்போர்டில் ஃபிரெட்டுகளை மாற்றுவது நேரடியான வேலை: பழையவற்றைச் சூடாக்கிப் பிடுங்கி, பலகையைத் தேய்த்துச் சமப்படுத்தி, புதியவற்றை இறக்கி, எண்ணெய் தடவினால் முடிந்தது. லாக்கர் பூசிய மேப்பிளில் ஃபிரெட்டின் இரு பக்கச் சரிவிலும் பூச்சு ஏறி, உலோகத்தையும் மரத்தையும் ஒன்றாகப் பிணைத்திருக்கும். கூர்மையான கத்திமுனையால் ஒவ்வொரு ஃபிரெட்டின் இரு ஓரத்திலும் அந்தப் படலத்தை முதலில் கீறிவிட வேண்டும். பிறகு சூடேற்றி, ஒரு முனையிலிருந்து மயிரிழை மயிரிழையாகக் கிளப்ப வேண்டும். அவசரப்பட்டால் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும். 1960களின் இறுதியிலிருந்து பரவலான தடித்த பாலியெஸ்டர் பூச்சில் இது இன்னும் மோசம். பிடுங்கிய பிறகும், பலகையைச் சமப்படுத்தத் தேய்த்தால் பூச்சு போய்விடும் என்பதால் முழுவதையும் மீண்டும் பூசி, உலரவிட்டு, மெருகேற்ற வேண்டியிருக்கிறது. வேலையும் நாள்களும் கூலியும் கூடுவது இதனால்தான். இதில் ஒற்றைத் துண்டும் மேப்பிள் ஒட்டிய நெக்கும் ஒரே படகில்தான் பயணிக்கின்றன.

அவை இரண்டும் பிரியும் இடம் ட்ரஸ் ராட். ஒட்டிய ஃபிரெட்போர்டு உள்ள நெக்கில் கம்பி முறிந்தாலோ மறை கழன்றாலோ, பலகையைச் சூடாக்கி ஒட்டிலிருந்து பிரித்து, கம்பியை மாற்றி, அதே பலகையைத் திரும்ப ஒட்டலாம். கம்பியைப் பின்னாலிருந்து இறக்கிய ஒற்றைத் துண்டில் வால்நட் பட்டையைக் குடைந்தெடுத்து, கம்பியைப் புதுப்பித்து, புதுப் பட்டை ஒட்டி, முதுகுப்புறம் முழுவதையும் மீண்டும் பூச வேண்டும். விலையுயர்ந்த பழைய கிட்டாராக இல்லாவிட்டால் புதிய நெக் வாங்குவதே மலிவு. ஃபிரெட்போர்டு மிக ஆழமாகத் தேய்ந்துபோனாலும் இதே நிலைதான். ஒட்டுப் பலகையை அப்படியே மாற்றிவிடலாம். ஒற்றைத் துண்டில் மேற்பகுதியை இழைத்துத் தள்ளிப் புதுப் பலகை ஒட்டினால் அது ஒற்றைத் துண்டாக இருப்பதே முடிந்துபோகும்.

பழைய பாணியில் செய்யப்படும் நெக்குகளில் ட்ரஸ் ராடைத் திருகும் முனை அடிப்பக்கத்தில், உடலுக்குள் மறைந்திருக்கும். பருவம் மாறும்போதெல்லாம் தந்திகளைத் தளர்த்தி, நெக்கைக் கழற்றி, கால் திருப்பு திருப்பி, மீண்டும் மாட்டி, ட்யூன் செய்து பார்க்க வேண்டும்; போதவில்லை என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய தோற்றத்துக்காக இந்தத் தொல்லையை ஏற்கலாம் என்பது என்னைப் பொறுத்தவரை தவறான கணக்கு. தலைப்பகுதியிலிருந்தோ, அடியில் வெளியே தெரியும் பல்சக்கரத்தின் மூலமோ திருகக்கூடிய ஒற்றைத் துண்டு நெக்குகள் கிடைக்கின்றன. ஈரப்பதம் ஏறி இறங்கும் இடத்தில் வாழ்பவர் அவற்றைத் தவிர வேறொன்றைப் பார்க்கவே தேவையில்லை. பழைய வளைவான ஃபிரெட்போர்டைத் தட்டையாக்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: 184 மி.மீ. ஆர வளைவை 241 மி.மீ. ஆக்குவதற்கு, நட்டின் (தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டை) அருகே நடுவில் ஏறத்தாழ 0.3 மி.மீ., அடிமுனையில் ஏறத்தாழ 0.5 மி.மீ. மரத்தை இழக்க நேரும். ஒருமுறை செய்யலாம், அடிக்கடி செய்ய முடியாது.

மற்ற வழிகளில் ரோஸ்வுட் ஒட்டியதே பராமரிக்க எளிது. 2017 ஜனவரியில், ஏற்கெனவே முதல் பட்டியலில் இருந்த பிரேசிலிய ரோஸ்வுட் தவிர மற்ற ரோஸ்வுட் வகைகள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தபோது கிட்டார்களை எல்லை தாண்டி விற்பதில் எழுந்த சிக்கல், 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்ததும் பெரிதும் தீர்ந்தது. மேப்பிளுக்கு அந்தக் கவலை தொடக்கத்திலிருந்தே இல்லை. ஆக்சிஜன் குறைந்த சூழலில் உயர்வெப்பத்தில் வறுத்த மேப்பிள் ஈரத்தைக் குறைவாகவே ஏற்பதால், ஒற்றைத் துண்டின் பெரிய பலவீனமான அசைவை அது வெகுவாகக் குறைக்கிறது; பூச்சு மிகக் குறைவாக இருந்தாலும் தாங்குகிறது. ஆனால் வறுபட்ட மரம் சற்று நொறுங்கும் தன்மை உடையது. திருகுத் துளைகளைச் சரியான அளவில் முன்கூட்டியே இடாமல் திருகை முடுக்கினால் பிளந்துகொள்ளும். புதிதாக ஒற்றைத் துண்டு வாங்கவிருப்பவருக்கு, செங்குத்து வளையங்கள் கொண்ட வறுத்த மேப்பிளையே நான் முதலில் காட்டுவேன். நாள்தோறும் மணிக்கணக்கில் வாசித்து ஃபிரெட்டுகளை அடிக்கடி தேய்ப்பவருக்கு ரோஸ்வுட் ஒட்டியதையே சொல்வேன். மேப்பிள் மீது மேப்பிள் ஒட்டியதைத் தாழ்ந்த சரக்காக எண்ணி ஒதுக்குவதில் நியாயமில்லை. தோற்றமும் தொடு உணர்வும் ஒன்றே, பழுது பார்க்கவோ கூடுதல் வாய்ப்பு உண்டு.

பழைய ஒற்றைத் துண்டு நெக்கை வாங்குவதாயிருந்தால், தந்திகள் ட்யூன் செய்த நிலையில் அடிமுனையிலிருந்து தலையை நோக்கி இரு ஓரங்களையும் கண்ணால் அளக்க வேண்டும். இரு ஓரங்களும் ஒரே தளத்தில் இல்லையென்றால் அது முறுக்கம். கடைசிச் சில ஃபிரெட்டுகள் மேல்நோக்கி எழும்பியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். உடலோடு திருகிய மேப்பிள் நெக்குகளில் அது அடிக்கடி காணப்படுவது, அந்த ஃபிரெட்டுகளைத் தேய்த்துச் சரிசெய்யக்கூடியதும்கூட. பிறகு ட்ரஸ் ராடைத் திருக விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். திருகு ஏற்கெனவே கடைசிவரை இறுகியிருந்தும் நெக் முன்னோக்கி வளைந்தே நின்றால், 10-46 (0.010 முதல் 0.046 அங்குலத் தடிமன் வரையிலான) தந்திகளின் ஏறத்தாழ 45 கிலோ இழுப்பைச் சமாளிக்க அந்தக் கம்பியிடம் இனி மிச்சம் எதுவும் இல்லை. விலை எவ்வளவு இறங்கினாலும் அதை வாங்காதீர்கள்.